புதுச்சேரியில் கயிறு திரித்தவர்கள்

கப்பலேறி வியாபாரத்துக்குப் போகிறவன் முதலில் துறைமுகத்தைப் பார்ப்பான், அப்புறம்தான் ஊரைப் பார்ப்பான். பிரெஞ்சுக்காரர்கள் துணியைப் பார்த்தார்கள், துணியின் விலையைப் பார்த்தார்கள், அத்தோடு மனம் குளிர்ந்துவிட்டார்கள். 1674இல் பிரான்சுவா மார்ட்டின் புதுச்சேரியில் கடை விரித்து முடித்த பிறகு யாரோ ஒரு மாலுமி தயங்கித் தயங்கிக் கேட்டிருப்பான்: கப்பலை எங்கே கட்டுவது? கட்ட இடம் இல்லை. அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் மேடு. மற்றதெல்லாம் திறந்த கடல். ஆகவே பிரெஞ்சு இந்தியாவின் தலைநகரம் கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் கயிற்றின் தயவில் குடித்தனம் நடத்தியது. கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரக் கயிற்றை நம்பி நிற்கும். சரக்கு, கயிற்றால் தைத்த படகில் கரைக்கு வரும். இரும்புத் தூண் ஊன்றிக் கடலுக்குள் ஒரு பாலம் போடலாமே என்று தோன்றி, போட்டும் முடித்தபோது 1866 ஆகிவிட்டது. அதையும் 1952 புயல் எடுத்துக்கொண்டு போயிற்று.

கிளைடர் பறக்கவிடுகிறவர்கள் எந்தக் கயிறு வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. கிளைடர் என்றால் என்ஜின் இல்லாத விமானம். தானாக மேலே போகாது. யாராவது இழுக்க வேண்டும். மைதானத்தின் ஒரு கோடியில் கிளைடர். மறுகோடியில் விஞ்ச், அதாவது லாரி என்ஜின் மாதிரி ஒன்றைப் பூட்டிய பெரிய உருளை. நடுவே ஒரு கிலோமீட்டர் கயிறு. உருளை சுற்ற ஆரம்பித்தால் கிளைடர் மூன்று நான்கு விநாடியில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம் பிடித்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நாற்பத்தைந்து டிகிரி சரிவில் ஏறும். அரை நிமிஷம் கழித்து, 300 அல்லது 400 மீட்டர் உயரத்தில், விமானி ஒரு மஞ்சள் குமிழை இழுப்பார். கயிறு கழன்று விழும். அதற்கப்புறம் அவர் பாடு, காற்றின் பாடு. இந்த உருளையில் சுற்றுவதற்கு ஒற்றை எஃகுக் கம்பி நல்லதா, புரியாக முறுக்கிய எஃகு வடம் நல்லதா, பிளாஸ்டிக் கயிறு நல்லதா என்று உலகம் முழுக்க கிளைடர் கிளப்புகளில் சண்டை நடக்கிறது. கயிறு எவ்வளவு பளு தாங்கும் என்பதுதான் கேள்வி என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைக்கிறார்கள். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் வேறு கேள்வி கேட்கிறார்கள்: விட வேண்டிய நேரத்தில் விடுமா?

இந்தக் கேள்விக்குப் புதுச்சேரி கொடுத்த விலை அதிகம். முதலில் படகைப் பார்ப்போம்.

பிரான்சில் அமைச்சர் கொல்பேர் புதிய கப்பற்படையே கட்டிக்கொண்டிருந்த காலம் அது. நல்ல மரம், நல்ல ஆணி, நல்ல வளைவுச் சட்டம் எல்லாம் வைத்துச் செய்த ஐரோப்பியப் படகைச் சோழமண்டலக் கரையில் இறக்கினால், அலை அதைத் தூக்கி மணலில் ஒரு குத்துக் குத்தும். ஆணி அசையாது, சட்டம் வளையாது, பலகை பிளக்கும். உள்ளூர்ச் சலங்குக்கு ஆணியும் கிடையாது, சட்டமும் கிடையாது. பலகைக்குப் பலகை துளை போட்டு, இடுக்கில் வைக்கோலைத் திணித்துத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். சட்டை தைக்கிற முறையில் ஒரு படகு. அலை குத்தினால் படகு நெளியும், முனகும், ஒவ்வொரு தையல் வழியாகவும் கொஞ்சம் தண்ணீர் விடும். நீரை இறைக்க ஓர் ஆள் எப்போதும் உள்ளே உட்கார்ந்திருப்பான். உடைய மட்டும் உடையாது. பொடி தூவிய டோப்பாவும் பட்டுக் காலுறையுமாக வந்த கவர்னர்கள், சாம்ராஜ்யப் பெருமை முழுவதையும் ஈரம் சொட்டும் அந்தத் தையலில் உட்காரவைத்துத்தான் கரை சேர்ந்தார்கள்.

இந்தக் கரையோரம் முழுவதும் சலங்கு, மசூலா என்ற தையல் படகுகளை ஓட்டியவர்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய பயணக் குறிப்புகளில் ஒரு புகார் அலுக்காமல் வரும்: பாதி வழியில், சரியாக அலை உடைகிற இடத்தில், படகை நிறுத்திக் கூலியை உயர்த்திப் பேசுகிறார்கள் என்று. எனக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. நாட்டையே பேரம் பேசி வாங்க வந்தவர்கள், இந்தப் பேரத்தை ஏன் குறை சொல்ல வேண்டும்?

கயிறு என்று வந்தால் பிரெஞ்சு கவர்னர்கள் தங்கள் கையாலேயே பிடித்த கயிறும் ஒன்று உண்டு. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் வடம். கவர்னர் வந்து வடம் பிடித்தால்தான் தேர் கிளம்பும் என்று ஆக்கிவைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு அந்தக் கடமை துணைநிலை ஆளுநருக்கு மாறி, இன்றுவரை நடக்கிறது. கிளைடர்க்காரர்கள் இந்தத் தேரைக் கொஞ்சம் கவனிக்கலாம். வடத்தை எடுத்த எடுப்பில் யாரும் வெடுக்கென்று இழுப்பதில்லை. முதலில் தொய்வு போக வேண்டும், வடம் விறைக்க வேண்டும், அப்புறம்தான் பலம். விஞ்ச் ஓட்டுநரும் இதையேதான் செய்கிறார்: முதல் சைகைக்குத் தொய்வை மட்டும் எடுப்பார், இரண்டாவது சைகைக்கு முழு இழுப்பு. வித்தியாசம் நிறுத்துவதில் இருக்கிறது. தேருக்கு முட்டுக்கட்டை போடலாம். பறக்கிற பொருளுக்கு முட்டுக்கட்டை போட இடம் கிடையாது. கயிற்றை விட்டால்தான் உண்டு.

இனி பெரிய கயிறுகள். அந்தக் காலத்துப் போர்க்கப்பலின் நங்கூர வடம் இருபது அங்குலத்துக்கு மேல் சுற்றளவு உள்ளது. ஐரோப்பிய ஹெம்ப் நாரில் முறுக்கித் தார் பூசியது. பலம் உண்டு, கனமும் உண்டு, தண்ணீரில் மூழ்கும், தார் போனால் அழுகும். உள்ளூர்த் தென்னை நார் வடம் அதே தடிப்பில் அவ்வளவு பளு தாங்காது. ஆனால் மிதக்கும், உப்பு நீருக்கு அசராது, முக்கியமாக நீளும். கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது ரப்பர் மாதிரி கொஞ்சம் கொடுத்து வாங்கும். கீழைக் கடலுக்கு வந்த மாலுமிகள் பலர் இதைப் புரிந்துகொண்டு தென்னை நாருக்கு மாறினார்கள். புரியாதவர்கள் தாயகத்து வடமே உயர்ந்தது என்றார்கள். வெளிநாட்டுச் சரக்கு மீது மோகம் என்பது நமக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல.

1760 முடியும்போது புதுச்சேரி ஆங்கிலேயரின் முற்றுகையில் இருந்தது. நிலத்தில் அயர் கூட்டின் படை, கடலில் ரியர் அட்மிரல் ஸ்டீவன்ஸின் கப்பல்கள். உள்ளே பிரெஞ்சுத் தளபதி கவுன்ட் லாலி. அயர்லாந்து ரத்தம், பிரெஞ்சுப் பட்டம், யாரோடும் ஒத்துப்போகாத குணம். எதிரியோடு போட்ட சண்டையைவிடச் சொந்தக் கவுன்சிலோடு போட்ட சண்டை அதிகம். தானியம் தீர்ந்துகொண்டே வந்ததும் நவம்பரில் அவர் உள்ளூர்க்காரர்கள் ஆயிரத்து நானூறு பேரை ஊருக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். வெளியே ஆங்கிலேயர் விடவில்லை, உள்ளே பிரெஞ்சுக்காரர் விடவில்லை. இரண்டு துப்பாக்கி வரிசைக்கும் நடுவே அந்த மக்கள் எட்டு நாள் புல்லையும் வேரையும் தின்றுகொண்டு கிடந்த பிறகு கூட் வழி விட்டார். நாகரிகத்தைக் கற்றுக்கொடுக்க வந்த இரண்டு தேசங்களும் அந்த எட்டு நாளும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் கௌரவத்தைக் காப்பாற்றின.

டிசம்பர் 31 இரவு புயல் வந்தது.

அட்மிரல் ஸ்டீவன்ஸ் நார்ஃபோக் என்ற கப்பலில் இருந்தார். காற்று ஏற ஏற அவர் எடுத்த முடிவு ஒன்றுதான். வடத்தை வெட்டு, நங்கூரம் போனால் போகட்டும், கடலுக்குள் ஓடு. மேற்கே கரை இருக்கிறது. புயலில் மாலுமிக்குக் கடலைவிடக் கரைதான் எமன். வெட்டினார், ஓடினார். மற்றக் கப்பல்களும் அப்படியே செய்யட்டும் என்று பீரங்கி வெடித்துச் சைகையும் கொடுத்தார். புயலின் ஓலத்தில் பீரங்கிச் சத்தம் யார் காதிலும் விழவில்லை.

இந்த இடத்தில்தான் ஆங்கிலக் கடற்படையின் கட்டுப்பாடு ஜொலிக்கிறது. உத்தரவு வராமல் நங்கூரத்தை விடக் கூடாது என்பது விதி. விலை உயர்ந்த நங்கூரம், விலை உயர்ந்த வடம், அரசரின் சொத்து. மற்றக் கப்பல்களின் கேப்டன்கள் ஒவ்வொருவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு நின்றார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம், இந்தக் கீழ்ப்படிதலைக் கிட்டத்தட்டப் பாராட்டுகிற தொனியிலேயே குறித்துவைத்திருக்கிறார். நள்ளிரவு தாண்டியதும் வடங்கள் தாமாகவே உத்தரவு கொடுத்துக்கொண்டன.

டியூக் டி அக்கித்தேன், சண்டர்லாண்ட், டியூக் மூன்றும் மூழ்கின. அவற்றில் இருந்த சுமார் 1,100 ஐரோப்பியரில் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். நியூகாசில், குவீன்பரோ, புரொட்டெக்டர் மூன்றும் புதுச்சேரிக்குத் தெற்கே கரையில் ஏறி உடைந்தன. ஆட்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். வேறு சில பாய்மரம் ஒடிந்து மிதந்தன. வடத்தை வெட்டிக்கொண்டு ஓடிய நார்ஃபோக் சில நாளில் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றது.

விடிந்ததும் லாலி மாடியில் ஏறிப் பார்த்திருப்பார். நேற்றுவரை கப்பலாக நின்ற கடலில் ஒன்றுமில்லை. மனிதர் உடனே பேனாவை எடுத்துப் பழவேற்காட்டில் இருந்த ரேமோன் என்ற பிரெஞ்சு அதிகாரிக்கு ஒரு கடிதம் தட்டினார். ஆங்கிலக் கப்பற்படை ஒழிந்தது, ஒரு கணமும் தாமதிக்காதே, சலங்கு சலங்காக அரிசி ஏற்றி அனுப்பு என்பது சாரம். சாம்ராஜ்யத்தின் கடைசி நம்பிக்கை கப்பலின் மேல் இல்லை, தென்னை நாரில் தைத்த படகின் மேல் இருந்தது என்பதைக் கவனியுங்கள். கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்ததா என்று தெரியாது. விலாசத்தில் பிழை இல்லை. ஆனாலும் அது நேராக ஆங்கிலேயர் கையில் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரத்துக்குள் ஆங்கிலக் கப்பல்கள் மறுபடி எதிரே வந்து நின்றன. அரிசி வரவில்லை. ஜனவரி நடுவில் ஊர் சரணடைந்தது. வென்றவர்கள் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அத்தனை வருஷம் கப்பல் வரவையும் போக்கையும் விடாமல் நாட்குறிப்பில் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, ஊர் விழுவதற்குச் சில நாள் முன்பே கண்ணை மூடிவிட்டார்.

லாலியைப் பாரிசில் தேசத் துரோகி என்று தீர்மானித்து 1766 மே 9 அன்று வாளால் தலையை வெட்டினார்கள். கில்லட்டின் முதல்முதலாக வேலை பார்த்தது 1792இல். 26 வருஷம் பொறுத்திருந்தால் அவருக்கும் அந்த வசதி கிடைத்திருக்கும்.

கில்லட்டின் இன்றைக்கும் வேலையில் இருக்கிறது. ஒவ்வொரு கிளைடர் விஞ்சிலும் கயிறு வெளியே போகிற வாயில் ஒரு வெட்டுக் கத்தி வைத்திருப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே கில்லட்டின். விமானி குமிழை இழுத்தும் கொக்கி கழலவில்லை என்றால், கிளைடர் கயிற்றோடு கட்டிய பட்டமாக ஆகிவிடும். அப்போது விஞ்ச் ஓட்டுநர் ஒரு நெம்பைத் தட்டுவார், கத்தி விழும், கயிறு அறும். பிரெஞ்சுப் புரட்சி உலகத்துக்குக் கொடுத்தவற்றில் யாரும் குறை சொல்லாத ஒரே பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். நார்ஃபோக்கில் கோடாலி செய்த வேலையை இது செய்கிறது.

கொக்கியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கிளைடர் விஞ்சின் தலைக்கு மேலே வந்து, கயிறு பின்பக்கமாக இழுக்க ஆரம்பித்தால், விமானி தூங்கிக்கொண்டிருந்தாலும் கொக்கி தானாகத் திறந்துகொள்ளும். இத்தனை ஏற்பாடும் எதனால் வந்தது என்று புரிய வேண்டுமென்றால் ஒரு குதிரை வண்டிக்காரரைப் பார்க்க வேண்டும்.

ழான்-மரி லெ பிரி, பிரான்சில் பிரெத்தாஞ் பகுதி மாலுமி. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போன பயணங்களில் ஆல்பட்ராஸ் பறவையைப் பார்த்துச் சொக்கிப்போனவர். இறக்கையை அசைக்காமல் மணிக்கணக்காக மிதக்கிறதே, நாமும் ஒன்று செய்தால் என்ன என்று ஆல்பட்ராஸ் மாதிரியே ஒரு கிளைடர் செய்தார். 1856இல் ஒரு கடற்கரையில் அதை வண்டியில் ஏற்றி, கயிற்றால் கட்டி, குதிரையைக் காற்றுக்கு எதிராக ஓட்டச் சொன்னார். வேகம் வந்தது. கிளைடர் எழும்பியது. அவிழ வேண்டிய கயிறு அவிழாமல் வண்டிக்காரரின் இடுப்பைச் சுற்றிக்கொண்டது. கிளைடர் நூறு மீட்டர் உயரம் போயிற்றாம். கீழே வண்டிக்காரரும் கூடவே போனாராம். கத்தினார், ஏசினார், புனிதர்களைக் கூப்பிட்டார். லெ பிரி மெதுவாகக் கீழே வந்து அவரைத் தரையில் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளித் தாமும் இறங்கினார். இந்தக் கதையைப் பிற்பாடு எழுதியவர்கள் ஒரு நுட்பமான விஷயத்தையும் சேர்த்தார்கள்: வண்டிக்காரரின் எடை பட்டத்துக்கு வால் மாதிரி உதவியதால்தான் கிளைடர் சமநிலையில் பறந்ததாம். வண்டிக்காரரைக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

ஆங்கிலேயர் இதில் மட்டும் பின்தங்குவார்களா? மூன்று வருஷம் முன்னாலேயே, 1853இல், யார்க்ஷயரில் சர் ஜார்ஜ் கேலி என்ற பெரியவர் தாம் செய்த கிளைடரில் தாம் ஏறாமல் தம் வண்டிக்காரரை ஏற்றிப் பள்ளத்தாக்கின் குறுக்கே விட்டார். கடந்து போய் விழுந்த வண்டிக்காரர், என்னை வண்டி ஓட்டத்தானே வேலைக்கு வைத்தீர்கள் என்று சொல்லிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டு போனார் என்பது குடும்பத்துக் கதை. கர்நாடகத்திலிருந்து கனடா வரை ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு தேசங்கள், ஆபத்தான இடத்தில் வண்டிக்காரரை உட்காரவைப்பதில் மட்டும் முழு உடன்பாட்டில் இருந்திருக்கின்றன.

ஜெர்மானியர்கள் வண்டிக்காரரை விட்டுவிட்டு மாணவர்களைப் பிடித்தார்கள். முதல் உலகப் போரில் தோற்றதும் வெர்சாய் உடன்படிக்கை அவர்களுடைய விமானத் தொழிலுக்கு விலங்கு மாட்டியது. என்ஜின் இல்லாத விமானத்தைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மலைச் சரிவில் ரப்பர் கயிற்றின் இரண்டு முனையையும் பையன்கள் பிடித்துக்கொண்டு ஓட, கவண்கல்லாகக் கிளைடர் கிளம்பும். சமவெளிக்கு இறங்கியபோது விஞ்ச் வந்தது. ஆரம்பத்தில் பழைய காரைத் தூக்கி நிறுத்திப் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அங்கே உருளையை மாட்டிக்கொண்டார்கள். இரண்டாம் போர் முடிந்ததும் இங்கிலாந்தில் பலூன்களை ஏற்றி இறக்கிய விஞ்சுகள் சும்மா கிடந்தன. அவற்றையும் கிளைடர்க்காரர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

சுதந்திர இந்தியாவுக்கும் கிளைடர் ஆசை வந்தது. டெல்லி சப்தர்ஜங்கில் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிர்தம் போன்ற வடிவமைப்பாளர்கள் உட்கார்ந்து உள்நாட்டிலேயே வரைந்தார்கள். பெயர் வைக்கிற நேரம் வந்ததும் அரசு பஞ்சாங்கத்தைப் பிரித்தது. முதல் கிளைடர் அஸ்வினி, 1958. அடுத்தது பரணி. அடுத்து கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா. ஆர்த்ரா என்றால் நம் திருவாதிரை. நட்சத்திர வரிசை தவறவே இல்லை. ஆனால் அரசு வேலை அல்லவா, பெயர் வரிசைப்படி இருந்தது, பறந்த வரிசை வேறாகிவிட்டது. ரோகிணி 1961இல் எழும்பிவிட்டாள். கார்த்திக் கிளம்ப 1963 ஆயிற்று. ரோகிணியில் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்பார்கள். இந்த ரோகிணி மரத்தில் செய்த இரட்டை இருக்கைப் பயிற்சிக் கிளைடர், பயிற்சியாளர் மாணவனுக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும். எத்தனை மாமன்கள் வேர்த்தார்களோ! நிறையப் பேர் பறக்கக் கற்றுக்கொண்டது அதில்தான். நடுவில் 1967இல் என்ஜின் வைத்த ஒரு சின்ன விமானத்துக்கு ரேவதி என்று பெயரிட்டார்கள். ரேவதி இருபத்தேழாவது நட்சத்திரம். கடைசிப் பெயருக்கும் துண்டு போட்டு இடம் பிடித்தாயிற்று. 1979இல் திருவாதிரை பறந்தது, என்.சி.சி. மாணவர்களுக்கென்று. புனர்பூசம் முதல் உத்திரட்டாதி வரை இன்னும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கின்றன.

இவை புனே பக்கம் ஹடப்சரில் பறந்தன, கான்பூரில் பறந்தன. புதுச்சேரி ஆசைப்பட முடியாததற்குக் காரணம் உண்டு. கிளைடர் மேலே நிற்க, தரை சூடாகிக் காற்று குமிழ் குமிழாக எழும்ப வேண்டும். தக்காணத்து மேட்டில் எழும்பும். நம் ஊரில் வெயில் ஏறி, காற்று எழும்பலாமா என்று யோசிக்கிற வேளையில் கடற்காற்று வந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். மனிதருக்கு அது சுகம், கிளைடருக்குச் சாவுமணி.

இருந்தாலும் லாஸ்பேட்டையில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஓடுதளம் இருக்கிறது, விமானக் கம்பெனிகள் வருவதும் போவதுமாக இருக்கின்றன, அது சும்மா கிடக்கிற நாளில் ஒரு விஞ்சை வைத்துப் பார்த்தால் என்ன? கயிறு எது?

ஒற்றை எஃகுக் கம்பி மலிவு, தார்த் தளத்தில் தேய்த்து இழுத்தாலும் பொறுக்கும். ஆனால் சுருளாகப் பிறந்தது, ஒருநாளும் நேராக இருக்க ஒப்பாது. தொய்ந்தால் முடிச்சு விழும், முடிச்சு விழுந்த இடத்தில் அறும். இழுபட்ட நிலையில் அறுந்தால் எந்தப் பக்கம் சுண்டும் என்று ஜோசியரைத்தான் கேட்க வேண்டும். புரி வடம் வளையும், பணியும். ஆனால் ஒவ்வொரு இழையாக அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும். நம் உப்புக் காற்றில் துரு உள்புரியில் குடியேறிவிட்டு வெளியே பளபளவென்று காட்டும். எடை கிலோமீட்டருக்கு நூறு கிலோ அளவு. அதைத் தூக்கவே கிளைடரின் பாதி உற்சாகம் போய்விடும்.

பிளாஸ்டிக் கயிறு டச்சுக்காரர்கள் கொடுத்தது. டைனீமா என்று பெயர், டி.எஸ்.எம். கம்பெனி 1990இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. டச்சுக்காரர்கள் 1693இல் புதுச்சேரியைப் பிடித்து, 1699இல் திருப்பிக் கொடுத்தவர்கள்; அப்போது இந்தக் கயிறு இருந்திருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. ஐந்து மில்லிமீட்டர் கயிறு கிலோமீட்டருக்குப் பதினைந்து கிலோ அளவுதான், எஃகின் பலம், தண்ணீரில் மிதக்கும். அறுந்தால் சுண்டாது, சொத்தென்று விழும். ஒட்டுப் போட இரும்புக் குழாயும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். ஒரு முனையை இன்னொன்றின் வயிற்றுக்குள் நீள ஊசியால் நுழைத்துவிட்டால் போதும், இழுக்க இழுக்க இறுகும். வம்பாக்கீரப்பாளையத்து மீனவர் யாரையாவது கூப்பிட்டால் பேசிக்கொண்டே போட்டுத்தருவார். குறை இரண்டு. விலை கடிக்கும். வெப்பம் ஆகாது, 150 டிகிரிக்குள் உருகிவிடும், தார்த் தளத்தில் உரசினால் ஆயுள் குறையும். ஓடுதளத்துப் பக்கத்துப் புல்லில் போட்டு இழுக்கிற மாதிரி இருந்தால் என் ஓட்டு இதற்கே. ஆனால் வேதியியல்படி இது பாலிதீன் ஜாதி, கேரி பேக்குக்குப் பங்காளி. பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்ட ஊரில் ஒரு கிலோமீட்டர் பாலிதீனோடு பிடிபட்டால், அபராதம் கட்டிவிட்டுத்தான் விளக்கம் சொல்ல முடியும்.

எந்தக் கயிறானாலும் கிளைடர் பக்கத்து முனையில் ஒரு சின்ன இரும்புத் தகடு கோக்க வேண்டும். வேண்டுமென்றே பலவீனமாகச் செய்த தகடு. கயிறு கிளைடரின் இறக்கையை முறிக்கிற அளவுக்கு இழுத்தால், இறக்கைக்கு முன்னால் தகடு முறிந்துவிடும். ஜெர்மனியின் டோஸ்ட் கம்பெனி இதற்கு நிறம் கொடுத்திருக்கிறது. கறுப்பு ஆயிரம் கிலோ தாங்கும். பழுப்பு 850. நம் ஊருக்கு மனதைத் தொடுவது அடுத்த மூன்றும்: நீலம் 600, வெள்ளை 500, சிவப்பு 750. பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறம். சுதந்திரம் 600 கிலோவில் அறும், சமத்துவம் 500 கிலோவிலேயே, சகோதரத்துவம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

கொக்கி, தகடு, கத்தி மூன்றும் தயார். கொக்கியை விமானி பார்த்துக்கொள்வார், தகடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கத்தியின் நெம்பு யார் கையில்? கிளைடர் உலகத்தில் விஞ்ச் ஓட்டுநர் கையில். அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. புதுச்சேரியில் அது அவ்வளவு சுலபமாக முடியாது. நெம்பைத் தட்டும் அதிகாரம் துணைநிலை ஆளுநருக்கா முதலமைச்சருக்கா என்று கோப்பு கிளம்பும். வில்லியனூரில் வடம் பிடிக்கிறவரே இங்கேயும் பிடிக்க வேண்டும் என்பார்கள் ஒரு சாரார். மக்கள் ஓட்டுப் போட்டவர்தான் அறுக்கலாம் என்பார்கள் மறு சாரார். கோப்பு ஆளுநர் மாளிகைக்குப் போகும், தலைமைச் செயலகத்துக்கு வரும், சென்னையில் உயர்நீதிமன்றம் ஒன்று சொல்லும், டெல்லியில் உள்துறை வேறொன்று சொல்லும். கிளைடர் அதுவரை மேலே நிற்கட்டும் என்று இடைக்கால உத்தரவு வரும்.